புள்ளி நின்றால் பறவை செத்ததா?

டீச்சர், முத்துப்பேட்டை லகூனில் படகில் போனபோது, தண்ணீரில் நட்டிருந்த கழி மேல் ஒரு பெரிய பறவை மீனோடு உட்கார்ந்திருந்தது. படகுக்காரர் செம்பருந்து என்றார். ஆனால் கண் வழியாக மை தீட்டியது போல ஒரு கறுப்புக் கோடு ஓடியது. என்ன பறவை அது?
– வாசகி, தில்லைவிளாகம்

அந்தக் கறுப்புக் கோடு ஒன்றே போதும். நீங்கள் பார்த்தது விராலடிப்பான். செம்பருந்துக்கு உடம்பு செங்கல் நிறம், தலை வெள்ளை. இதற்கு முதுகு பழுப்பு, வயிறு வெள்ளை. பெயரில்தான் விரால் இருக்கிறது, லகூனில் இது பெரும்பாலும் மடவையைத்தான் தூக்குகிறது. மேலிருந்து காலை நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். வெளிவிரலைப் பின்னால் திருப்பிக்கொள்ளும், பாதமெல்லாம் முள் முள்ளாக இருக்கும், அதனால் வழுக்கும் மீனும் நழுவாது. தூக்கிக்கொண்டு பறக்கும்போது மீனின் தலையை முன்பக்கம் திருப்பிப் பிடித்திருக்கும். காற்று தடுக்கக் கூடாதல்லவா?

அடுத்த முறை கண்ணைப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் வளர்ந்த பறவை. ஆரஞ்சு நிறமாக இருந்து, முதுகு இறகுகளுக்கு மீன் செதில் போல வெளிறிய விளிம்பும் இருந்தால் அந்த வருஷத்துக் குஞ்சு.

ஸ்காட்லாந்து விராலடிப்பான் குஞ்சுகளின் முதுகில் கருவி கட்டி, அவை போகும் பாதையை வரைபடத்தில் காட்டுகிறார்கள் என்று போன மாதம் எழுதியிருந்தீர்கள். அன்றிலிருந்து நானும் பார்க்கிறேன். ஆறு நாளாக ஒரு குஞ்சின் புள்ளி மொராக்கோவில் அப்படியே நிற்கிறது. செத்துப்போய்விட்டதா டீச்சர்? வீட்டில் என்னைக் கேலி செய்கிறார்கள்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

கேலி செய்யட்டும். என் வீட்டிலும் இதே கதைதான். 31 வருஷம் கரும்பலகையில் சகாராவைச் சாக்பீஸால் வரைந்து காட்டியவள் நான். ஒரு பறவைக்காக அந்தப் பாலைவனத்தை நினைத்துத் தூக்கம் கெடும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். புள்ளி வருவதே நின்றுவிட்டதா, அல்லது தினமும் புதுப் புள்ளி வந்து ஒரே இடத்தில் விழுகிறதா? இரண்டும் வேறு வேறு.

கருவி தான் இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் மூலம் தெரிந்துகொள்ளும். அதை வெளியே அனுப்ப இரண்டு வழி உண்டு. சில கருவிகள் செயற்கைக்கோளுக்கே அனுப்பும். சில, நம் செல்போன் போல டவரைத் தேடும். டவர் இல்லாத இடத்தில் அந்தப் புள்ளிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கிடைத்ததும் மொத்தமாகக் கொட்டும். மொராக்கோவுக்குத் தெற்கே சகாரா. அங்கே டவருக்கு எங்கே போவது? பேட்டரி வேறு வெயிலில் சார்ஜ் ஆகிறது. இறகு மேலே விழுந்து மூடிக்கொண்டாலும் கருவி ஊமையாகிவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன் நான் இதில் ஏமாந்தேன். நான் பார்த்துவந்த குஞ்சின் கடைசிப் புள்ளியும் தெற்கு மொராக்கோவில்தான். நாலு நாள் பொறுத்தேன், ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டில் எல்லாம் சொல்லி, கிட்டத்தட்ட துக்கமே விசாரித்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் காலையில் டேப்லெட்டைத் திறந்தால் மணல் மேல் கோர்த்துவிட்ட பாசிமணி மாதிரி வரிசையாகப் புள்ளிகள், கடைசி மணி செனகலில் ஒரு ஆற்று முகத்துவாரத்தில்! பக்கத்து வீட்டுக்காரி இன்றைக்கும் “உங்க செத்த பருந்து எப்படி இருக்கு டீச்சர்?” என்றுதான் கேட்கிறாள்.

அதனால் புள்ளி பேசாமல் இருந்தால் காத்திருங்கள். ஒரே இடத்திலிருந்து நாள் கணக்காகப் பேசிக்கொண்டே இருந்தால்தான் கவலை. கருவி கழன்று விழுந்திருக்கலாம், அல்லது நீங்கள் பயப்படுவது நடந்திருக்கலாம். ஒளித்துச் சொல்ல மாட்டேன், முதல் வருஷத்தைத் தாண்டாத குஞ்சுகள்தான் அதிகம். தாண்டியவையும் உடனே ஊர் திரும்பாது. அடுத்த கோடையையும் ஆப்பிரிக்காவிலேயே கழித்துவிட்டு, பெரும்பாலும் இரண்டு வயதில்தான் ஸ்காட்லாந்து போகும்.

அப்பா அம்மா கூட்டிப்போகாமல் குஞ்சுக்கு வழி எப்படித் தெரியும்?
– பத்தாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி

நல்ல கேள்வி தம்பி. விராலடிப்பான் வீட்டில் பெரும்பாலும் அம்மாதான் முதலில் கிளம்புவாள். அப்பா கொஞ்ச நாள் இருந்து மீன் கொண்டுவந்து போடுவார். குஞ்சு ஆகஸ்ட், செப்டம்பரில் தனியாகக் கிளம்பும். கூடப் பிறந்ததும் கூட வராது. எந்தத் திசை, சுமார் எத்தனை நாள் என்பது பிறவியிலேயே அதற்குள் இருக்கிறது. சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம் ஆகியவற்றைக் கொண்டு பறவைகள் திசை பார்க்கின்றன.

ஆனால் திசை தெரிந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டுக் காற்று தள்ளினால் பழகிய பறவை ஈடுகட்டிப் பறக்கும். புதுக்குஞ்சு பல சமயம் அதோடு அடித்துப் போகும். பிரிட்டனிலிருந்து கிளம்புகிற குஞ்சைக் கிழக்குக் காற்று பிடித்தால் மேற்கே அட்லாண்டிக்தான். உட்காரக் கழி கிடையாது. கஜா அடித்த 2018 நவம்பரில் நம் பக்கத்துப் பறவைகள் எங்கெங்கே ஒதுங்கினவோ, அதை நினைத்தால் எனக்கு இது புரிகிறது.

கருவி கட்டுவது பாவம் இல்லையா?
– வாசகி, நாகப்பட்டினம்

எனக்கும் உறுத்தியது. பறவையின் எடையில் நூற்றுக்கு 3 பங்கைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வழக்கம். ஒன்றரைக் கிலோ பறவைக்கு அது 45 கிராம், கட்டுகிற கருவி பெரும்பாலும் அதைவிடக் குறைவு. அதே பறவை கால் கிலோ மடவையை அலட்டாமல் தூக்குகிறது. பள்ளிக்கூடப் பை போல முதுகில் மாட்டுகிறார்கள். பட்டைகளைச் சேர்க்கிற நூல் சில வருஷத்தில் இற்றுப்போகும், கருவி தானே விழுந்துவிடும். ஆனாலும் அனுமதி பெற்ற, கை பழகிய ஆட்கள்தான் இதைச் செய்யலாம்.

அந்த ஸ்காட்லாந்துக் குஞ்சு கோடியக்கரைக்கு வருமா?
– வாசகர், வேதாரண்யம்

வராது. அதற்கு மேற்கு ஆப்பிரிக்கா. நமக்கு வருகிறவை வேறு, அவை நமக்கு வடக்கே உள்ள நாடுகளிலிருந்து வருகின்றன. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் காலில் வளையம் போடுகிறார்கள். வளையம் பேச வேண்டுமானால் யாராவது அந்தப் பறவையைத் திரும்பப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் எண்ணைப் படிக்க வேண்டும். கருவிக்கு அது தேவையில்லை. 2019-ல் மணிப்பூரில் கருவி கட்டிய அமூர் வல்லூறுகள் அரபிக்கடலைத் தாண்டியதை நாம் வீட்டிலிருந்தே பார்த்தோமே.

உப்பளப் பக்கம் நடக்கும்போது முதுகில் சின்னக் கம்பி நீட்டிய பறவையைப் பார்த்தால் போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்கள். கருவி மட்டும் தரையில் கிடந்தாலும் அப்படியே சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று எடுத்துப்போய்த் திண்ணையில் வைத்துவிடாதீர்கள். அப்புறம் எங்கோ ஒருவர், பறவை வேதாரண்யத்தில் ஒரு வீட்டு வாசலிலேயே குடியேறிவிட்டதென்று குழம்பிக்கொண்டிருப்பார்.