அல்பரீன்யோ திராட்சை பறிக்கப் போகும் தம்பிக்கு

ஸ்பெயினின் வடமேற்கில் கலீசியா மாநிலத்து விகோ நகரத்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது, செப்டம்பரில் கம்பாதோஸ் ஊர்ப் பக்கம் அல்பரீன்யோ என்ற வெள்ளை ஒயின் திராட்சை பறிக்க ஆள் கேட்கிறார்கள், போகலாமா, என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலை செய்ய அனுமதி உள்ள அட்டை கையில் இருந்தால் தாராளமாகப் போங்கள் தம்பி. ஆனால் வேலைக்கு இறங்கும் முன்பே முதலாளி உங்கள் பெயரைச் சமூகப் பாதுகாப்பில் (அரசின் தொழிலாளர் காப்பீடு) பதிந்திருக்க வேண்டும். இங்கே அதற்கு 'ஆல்தா' என்று பெயர். "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் கத்தரியைத் தொடாதீர்கள்; விரலில் வெட்டுப்பட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் திராட்சை பார்த்திருந்தால் இந்தத் தோட்டம் அந்நியமாகத் தெரியாது. ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் தூண்கள், அவற்றின் மேல் கம்பி, அதில் படர்ந்த கொடி. 'பார்ரா' என்பார்கள். கடலோரக் கலீசியாவில் மழையும் ஈரமும் அதிகம். குலைகள் தரையை விட்டு உயரத்தில் தொங்கினால் அடியில் காற்று ஓடும், பூஞ்சணம் குறையும். அதனால் மற்ற ஊர்த் தோட்டங்களில் இடுப்பு வலிக்கும். இங்கே கழுத்தும் தோளும். நாள் முழுக்க அண்ணாந்தே நிற்க வேண்டும். தொப்பி, கண்ணாடி இரண்டும் அவசியம்: இலைத்தூசி, பூச்சி, சாறு எல்லாம் முகத்தில்தான் விழும்.

பறிப்பது இப்படி. இடது கையை ஏந்தி குலையைத் தாங்கிக்கொண்டு, வலது கையால் காம்பை ஒட்டி வெட்டுங்கள். பிடித்து இழுக்கவே கூடாது. சாம்பல் பூஞ்சணம் பிடித்த மணிகளைக் கத்தரி நுனியால் அங்கேயே நறுக்கி எறியுங்கள், இலையையும் எடுத்துவிடுங்கள். பெட்டி 20 கிலோவுக்கு மேல் பிடிக்காது. விளிம்பு வரை நிரப்பி, இன்னும் கொஞ்சம் கொள்ளட்டும் என்று அழுத்துவதுதான் புதிதாக வருகிறவர்கள் செய்யும் தப்பு. அடியில் உள்ள பழம் உடைந்து சாறு விட்டால், வெயிலில் அது உடனே காற்றுப்பட்டுப் பழுப்பாகும், புளிக்கவும் தொடங்கிவிடும், குளவியும் மொய்க்கும்.

இவ்வளவு கவனம் ஏன் என்றால், அல்பரீன்யோ மணி சின்னது, தோல் தடித்தது, வாசனையில் பெரும்பங்கு அந்தத் தோலிலும் அதை ஒட்டிய சதையிலும் இருக்கிறது. பீச், ஆப்ரிகாட், எலுமிச்சைத் தோல் வாசம் என்று ஒயினில் சொல்வதெல்லாம் அங்கிருந்துதான். சில ஒயின் கூடங்களில் நசுக்கிய பழத்தைச் சில மணி நேரம் குளிரில் தோலோடு ஊறவைத்துத்தான் பிழிவார்கள். அழுகல் ஏறிய பழம் அதில் கலந்தால் பூஞ்சண நாற்றம் தொட்டி முழுக்க இறங்கிவிடும். பிழிந்த சாற்றைத் தெளியவிட்டு, எஃகுத் தொட்டியில் சுமார் 15 முதல் 18 டிகிரியில் நொதிக்க விடுவார்கள். சூடு கூடினால் வாசனை பறந்துபோகும். பிறகு அடியில் தங்கும் ஈஸ்ட் மண்டியோடு சில மாதம் வைத்தால் வாயில் கொஞ்சம் கனம் கூடும். நாக்கைச் சுண்டும் அந்தப் புளிப்பு இந்த ரகத்தின் இயல்பு, குறையல்ல.

மழை பெய்தால் பறிப்பதை நிறுத்துவார்கள், நனைந்த குலையோடு வரும் தண்ணீர் சாற்றை நீர்க்கச் செய்யும் என்பதால். அந்த நாளுக்குக் கூலி உண்டா இல்லையா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கத்தரியில் சாறு பிசினாக ஒட்டும். வாளித் தண்ணீரில் அடிக்கடி முக்குங்கள். இலையில் செம்பு மருந்து மிச்சம் இருக்கலாம், கை கழுவாமல் சாப்பிடாதீர்கள்.

ஊரைப் பற்றி இரண்டு சொல். ரீயஸ் பாய்ஷஸ் என்ற இந்தப் பகுதியின் பெயரோடு விற்கும் ஒயினுக்கு 1988 முதல் சட்டப்படி எல்லையும் விதியும் உண்டு. ஐந்து உட்பகுதிகளில் கம்பாதோஸ் இருக்கும் சால்னேஸ் பள்ளத்தாக்குதான் அல்பரீன்யோவின் இதயம். நிலமெல்லாம் துண்டு துண்டு. காலையில் ஒரு வீட்டுக் கொல்லை, மதியம் இன்னொன்று என்று உங்களை மாற்றிக்கொண்டே இருந்தால் திகைக்க வேண்டாம்.

பறித்தது என்ன ஆனது என்று ருசி பார்க்க ஆசையிருந்தால் குளிர்காலம் முடியும் வரை பொறுத்து, விகோவைச் சுற்றியுள்ள 'ஃபுராஞ்சோ' வீடுகளுக்குப் போங்கள். சொந்தத் திராட்சையில் செய்து மிஞ்சிய ஒயினை வருடத்தில் சில மாதம் மட்டும் வீட்டிலேயே விற்பார்கள், கூடவே நாலைந்து தின்பண்டங்கள். வாசலில் லாரல் கிளை (நம் பிரிஞ்சி இலைக்கு ஒன்றுவிட்ட சொந்தம்) தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். பல வீடுகள் மலைச்சரிவில், பஸ் குறைவு. திரும்பி வரும் கடைசி வண்டி எப்போது என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.