அப்பா கடலில் இருக்கும் நாட்களில் வரும் வயிற்றுவலி

கேள்வி: தங்கச்சிமடத்தில் இருக்கிறோம். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். பக்கத்தில் போன படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதிலிருந்து, அவர் கரை வந்து சேரும்வரை எனக்கு நெஞ்சு படபடத்துக்கொண்டே இருக்கிறது. வாரக் கடன் வேறு. சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகளைக் கத்திவிடுகிறேன், சில நேரம் அடித்தும் விடுகிறேன். 9 வயது மகன் காலையில் வயிற்றுவலி என்று பள்ளிக்கூடம் போக மறுக்கிறான். படுக்கையை நனைப்பதை நிறுத்தி ஒரு வருடத்துக்கு மேலான 6 வயது மகள் மறுபடி நனைக்கிறாள். பிள்ளைகள் முன்னால் நாங்கள் எதையும் பேசுவதே இல்லை. பிறகு ஏன் இப்படி?

பதில்: எதையும் பேசாமல் இருப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். நீங்கள் வாயைத் திறக்காவிட்டாலும் பிள்ளை உங்கள் முகத்தைப் பார்க்கிறது. போன் அடித்ததும் நீங்கள் ஓடுவதையும், டிவியில் ‘மீனவர்கள் கைது’ என்று வந்ததும் சேனலை மாற்றுவதையும் கவனிக்கிறது. என்ன நடக்கிறதென்று யாரும் சொல்லாதபோது தானாக ஒரு காரணத்தை இட்டுக்கட்டிக்கொள்ளும். இந்த வயதில் அது பெரும்பாலும் ‘நான் சேட்டை பண்ணுறதாலதான் அம்மா இப்படி இருக்கு’ என்பதாகவே இருக்கும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருக்கும் தாய், சில நிமிடம் எந்தச் சலனமும் இல்லாமல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். குழந்தை முதலில் சிரித்துக் கூப்பிடும், கையை நீட்டும், பிறகு சிணுங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கைக்குழந்தைக்கே இது தெரிகிறது என்றால், 9 வயதுப் பையனுக்குத் தெரியாமல் இருக்குமா? ஆனால் அவர் அழுத்திச் சொன்னது இன்னொன்று: தாயும் பிள்ளையும் ஒத்துப்போகாத நேரங்கள் எல்லா வீட்டிலும் உண்டு. விலகியபின் மறுபடி சேர்கிறார்களா என்பதே பிள்ளையைப் பாதிக்கும்.

படகுப் பயமும் கடனும் நாளைக்கே தீரப்போவதில்லை. ‘டென்ஷன் ஆகாதீங்க’ என்று உங்களிடம் சொல்வதில் அர்த்தமும் இல்லை. பிள்ளைக்கு எட்டும் அளவில் உண்மையைச் சொல்வதும், கத்தியபின் சரிசெய்வதும் உங்கள் கையில் இருக்கின்றன.

அதற்கு முன் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். நின்றிருந்த படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், சர்க்கரை மூன்றையும் பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். அதிகத் தாகமும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் அன்றே போங்கள். மகனுக்குக் காய்ச்சல், எடை குறைவு, மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, தொப்புளை விட்டுத் தள்ளி ஒரே இடத்தில் வலி, இவற்றில் எதுவும் இருந்தால் அதை மனக் காரணம் என்று விட்டுவிடக் கூடாது.

இவை இல்லையென்றால், சமையலறைக் காலண்டரில் கணவர் கடலுக்குப் போன நாளை வட்டமிட்டு, வயிறு வலித்த நாளில் ஒரு கோடு போட்டு வாருங்கள். மூன்று, நான்கு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரியக்கூடும். வட்டமும் கோடும் சேர்ந்தே வந்தால், அவன் நடிக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். பயத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் குடலின் அசைவையே மாற்றும்; வலி நிஜமான வலி. ‘வலிக்குதுன்னு தெரியுது, வெந்நீர் குடி, மெதுவாப் போகலாம்’ என்று சொல்லிப் பள்ளிக்கு அனுப்புங்கள். வீட்டில் நிறுத்தினால் அன்றைக்கு வலி குறையும், மறுநாள் போவது இன்னும் கடினமாகும். வகுப்பு ஆசிரியரிடம் வீட்டு நிலைமையை இரண்டு வரியில் சொல்லி வையுங்கள்.

மகளுக்கு: தண்ணீரைப் பகலிலேயே நன்றாகக் கொடுத்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்து குறையுங்கள். படுக்கும் முன் சிறுநீர் கழிக்க வையுங்கள். நனைத்த பாயை மற்றவர்கள் பார்க்க வாசலில் போட்டு வெட்கப்படுத்த வேண்டாம். அதனால் பயம் கூடுமே தவிர நனைப்பது நிற்காது.

உண்மையைச் சொல்வது எப்படி? கணவரே சொல்லிவிட்டுப் போகட்டும். பிள்ளைகள் தூங்கும்போது நழுவிப் போகாமல், ‘இன்னிக்குப் போறேன், நாளைக்குக் காலையில வருவேன். காத்து எழும்பினா நேரமாகும், அம்மாகிட்ட சொல்வாங்க’ என்று அவர் வாயால் கேட்டால் பிள்ளைக்கு ஒரு பிடிமானம். உங்கள் முகத்தை ஏன் என்று கேட்டால், ‘அப்பா வர்ற வரைக்கும் அம்மாவுக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு. அது உன்னால இல்ல’ என்பது போதும். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். கடன் தொகை, வட்டி, கணவன் மனைவி வாக்குவாதம் எதுவும் பிள்ளைக்குத் தேவையில்லை. எப்போதாவது கைது என்று செய்தி வந்துவிட்டால் தெருவிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்பதற்கு முன் நீங்களே சொல்லுங்கள்: அப்பா எங்கே இருக்கிறார், கூட யார் இருக்கிறார்கள், பெரியவர்கள் என்ன செய்கிறார்கள், நாம் யாரோடு இருக்கப்போகிறோம். ‘நாளைக்கே வந்துருவார்’ என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அது பொய்த்தால் அடுத்து நீங்கள் சொல்லும் எதையும் பிள்ளை நம்பாது.

கத்தியபின், உங்கள் படபடப்பு அடங்கியதும், அன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். ‘அம்மா கத்தினது தப்பு. நீ பண்ணினதைப் பத்தி அப்புறம் பேசுவோம்’ என்று சுருக்கமாகச் சொன்னால் போதும். ‘நீ அப்படிப் பண்ணினதாலதான்’ என்று சேர்த்தால் மன்னிப்பு மறுபடி திட்டாகிவிடும். அடிப்பதை முழுவதும் நிறுத்த வேண்டும். கை ஓங்கும் நேரத்தில் அடுத்த அறைக்கோ வாசலுக்கோ போய், நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள், பத்து முறை. விடும் மூச்சு நீளமாக இருந்தால் இதயத்துடிப்பு இறங்க உதவும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கைது பயம் இல்லாவிட்டாலும் வருமானம் நின்றுவிடும். கோடை விடுமுறையும் சேர்ந்து எல்லோரும் ஒரே வீட்டுக்குள் இருப்பீர்கள். தடை முடியும்போது பள்ளிச் செலவு வந்து நிற்கும். கடன்காரர் வரும் நேரத்தில் பிள்ளைகளை அக்கம்பக்கத்து வீட்டிலோ விளையாட்டிலோ இருக்க வையுங்கள். வலை சீர்பார்க்கும் இடத்துக்கு அப்பா மகனைக் கூட்டிப்போகலாம்; கையில் வேலை இருக்கும்போது பையன்கள் கேட்க நினைத்ததைக் கேட்பார்கள்.

இரண்டு, மூன்று வாரத்தில் மாற்றம் இல்லையென்றாலோ, பிள்ளை சாப்பிடாமல், விளையாடாமல் ஒதுங்கினாலோ, உங்களுக்கே தூக்கம் போய் ‘இருந்து என்ன’ என்ற நினைப்பு வந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். மனநல டாக்டர் என்றதும் இந்தப் பக்கத்தில் பலருக்கு 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத்தில் சங்கிலியோடு தீயில் இறந்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அந்தப் பயத்தில் சிகிச்சையைத் தவிர்க்க வேண்டாம். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வெளிநோயாளியாகப் பார்த்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பலாம். போக முடியாவிட்டால் 14416 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையான டெலி மனாஸ் இரவும் பகலும் தமிழில் பேசும், கட்டணம் இல்லை. பிள்ளைகள் தொடர்பான அவசரத்துக்கு 1098. குடித்துவிட்டு வந்து வீட்டில் அடி விழுகிறது என்றால் பெண்கள் உதவி எண் 181.