ஆவியில் ஈரம்: கொதிநீர் அணு உலை பற்றிக் கேள்வி பதில்

கேள்வி: சார், கொதிநீர் உலையில் ஆவி உள்ளேயே உருவாகிறது. அதை நேரே டர்பைனுக்கு விட்டால் என்ன?

பதில்: குக்கரில் பருப்பு வைத்தால் விசிலோடு மஞ்சள் தண்ணீரும் தெறிக்குமே, அதே தொல்லைதான். ஜப்பானின் காஷிவாசாகி-கரிவாவில் 1996-ல் ஓடத் தொடங்கிய ஏபிடபிள்யூஆர் (மேம்பட்ட கொதிநீர் வகை) உலையில், எரிபொருள் வழியாக விநாடிக்குச் சுமார் 14.5 டன் தண்ணீர் மேலேறுகிறது. ஆவியாவது 2 டன்னுக்குச் சற்று மேல். மீதியைப் பிரித்து, ஆவியில் ஈரம் 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் பார்க்க வேண்டும். தாண்டினால் டர்பைன் பிளேடு அரிக்கும். அதைவிட மோசம், துளிகளோடு கோபால்ட்-60 போன்ற கதிரியக்கச் சமாச்சாரங்களும் டர்பைன் வரை போய்விடும். அப்புறம் பராமரிப்புக்கு ஆள் இறக்குவதே பெரும்பாடு.

கேள்வி: ஆவியிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் செப்பரேட்டரைச் சுழற்றுவது மோட்டாரா?

பதில்: மோட்டாரே கிடையாது. அது செங்குத்தான குழாய்; உள்ளே அசையாத சாய்வுத் தகடுகள். அவற்றில் மோதும் கலவை தானே சுழலும். கனமான தண்ணீர் சுவரை ஒட்டிப் படலமாக ஏறும், ஆவி நடுவில் போகும். மேலே ஒரு வளையம் அந்தப் படலத்தைச் சீவி வெளியே தள்ளும். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சில அடுக்குகள். இதற்கும் மேலே நெளிதகட்டு டிரையர் மிச்சத் துளிகளைப் பிடிக்கும்.

கேள்வி: கூடங்குளத்திலும் இதேதானா?

பதில்: இல்லை. அங்கே உலைக்குள் கொதிக்க விடுவதில்லை. இந்தியாவில் கொதிநீர் வகை என்றால் 1969-ல் வந்த தாராப்பூர் உலைகள் இரண்டுதான்.

கேள்வி: இன்னும் வேகமாகச் சுழற்றினால் ஈரம் குறையுமே ஐயா?

பதில்: குறையும், ஆனால் அழுத்த இழப்பு, அதாவது கலவை குழாயைக் கடக்கும்போது இழக்கும் அழுத்தம், ஏறும். ஆவியும் நீரும் கலந்தோடும் இடத்தில் அது ஏறினால் ஓட்டம் ஊசலாடும், கூடவே உலையின் திறனும். இன்னொரு பக்கம், வடியும் தண்ணீரோடு குமிழிகள் கீழே இழுபட்டால், அதைத் திரும்ப எரிபொருளுக்கு அனுப்பும் சுற்றோட்டப் பம்புக்கு ஆகாது. என்னைக் கேட்டால், முதலில் அழுத்த இழப்பைக் குறையுங்கள். பெரும்பங்கு தண்ணீர் முதல் அடுக்கிலேயே பிரிந்துவிடுவதால், அங்குள்ள தகட்டுக் கோணத்திலும் வளைய இடைவெளியிலும்தான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: கல்லூரி லேபில் காற்றும் தண்ணீரும் வைத்துச் சோதிக்கலாமா?

பதில்: தாராளமாக. கண்ணாடிக் குழாயில் படலம் ஏறுவதைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். எண்களை மட்டும் அப்படியே உலைக்குக் கொண்டுபோகாதீர்கள். லேபில் தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு கனம். உலையில், 70 பார் அழுத்தத்தில், ஆவியைவிட 20 மடங்குதான். பரப்பு இழுவிசையும் கால்பங்காகிவிடும், துளிகள் பொடிப்பொடியாகும். லேபில் சுலபமாகப் பிரிந்தது அங்கே பிரியாது.