எங்கே ஒழுகுகிறது என்று முதலில் கேளுங்கள்

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் பழைய வண்டி விற்கும் கடையில், ஏழு வருடம் ஓடிய 150 சிசி பைக் ஒன்றை வாங்கிக் கோத்தகிரிக்கு ஓட்டி வந்தேன். இரண்டாம் நாளே வாசலில் ஆயில் சொட்டியிருந்தது. ஒரு மெக்கானிக் பேஸ்ட் தடவிக் கொடுத்தார். பதினைந்து நாள் தாங்கியது. இன்னொருவர், இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்கிறார். பிரிக்கலாமா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: இப்போதைக்கு வேண்டாம். 9,000 ரூபாய் கேட்டவர், ஆயில் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள்.

நம் ஊர்த் தகரக் கூரைகளை நினைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நீர் சொட்டும் இடம் ஒன்று, ஓட்டை இருக்கும் இடம் இன்னொன்று. இன்ஜினிலும் அப்படித்தான். ஆயில் கீழ்நோக்கி வழியும். வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னுக்குத் தள்ளும். இன்ஜின் அடியில் ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெயின் போல்ட்டில் தொங்கும் சொட்டு, இன்ஜின் தலையில் வால்வுப் பக்கம் உள்ள டேப்பெட் மூடியிலிருந்து புறப்பட்டு வந்திருக்கலாம். அதனால் ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதைத் தேட வேண்டும்.

தேடும் வேலையை நீங்களே செய்யலாம். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெயோ டீசலோ தொட்டு, பழைய பிரஷ்ஷால் அழுக்கு முழுவதையும் கழுவுங்கள். துணியால் துடைத்து, முழுக்கக் காய விடுங்கள். பிறகு முகத்துக்குப் போடும் பவுடரை இன்ஜின் மேல் தூவி, அரவேணு வரை போய்த் திரும்புங்கள். கசிவு தொடங்கும் இடத்தில் பவுடர் நனைந்து கோடு போட்டிருக்கும். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைத்தால், எந்தப் பக்கம் சொட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

இடம் தெரிந்துவிட்டால் பேரம் பேசத் தெம்பு வரும். டிரெயின் போல்ட் என்றால் பெரும்பாலும் அதன் வாஷர்தான் காரணம். டீ, வடைக் காசில் முடியும். முரட்டுத்தனமாக முறுக்கி மரை போயிருந்தால் லேத் பட்டறையில் புது மரை போட்டுக்கொள்ளலாம். டேப்பெட் மூடி என்றால் ரப்பர் வளையம். கியர் லீவர் தண்டிலும் செயின் ஓடும் முன் பல்சக்கரத் தண்டிலும் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையங்களான ஆயில் சீல்களைப் பல வண்டிகளில் வெளியிலிருந்தே மாற்றலாம். அந்தப் பல்சக்கரத்துப் பக்கம் கருப்பாகப் பிசுபிசுத்தால் அது இன்ஜின் ஆயிலே இல்லாமல், செயினுக்குப் போட்ட எண்ணெய் தெறித்ததாகவும் இருக்கலாம். கிளட்ச் மூடி என்றால் அந்த மூடியைக் கழற்றி, இடையில் வைக்கும் தாளான பேக்கிங்கைப் புதிதாக வைத்தால் போதும். சிலிண்டர் அடியில் கசிந்தால் மேல்பாகத்தை மட்டும் கழற்ற வேண்டியிருக்கும். கீழே இரண்டு பாதிகள் சேரும் நடு இணைப்பில் கசிந்தால்தான் இன்ஜினை முழுதாகப் பிரிக்கும் பேச்சே வர வேண்டும். ஆகவே ‘பிரிக்கணும்’ என்பவரிடம், ‘எதுவரை?’ என்று கேளுங்கள்.

இத்தனைக்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, ஆயில் அளவு. இதில் நான் பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் சமதரை என்பது பள்ளிக்கூட மைதானத்தில் மட்டும்தான் உண்டு. சாய்வில், அதுவும் பக்க ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தி, இன்ஜினின் வலப்பக்கம் ஆயில் அளவு பார்க்கும் சின்னக் கண்ணாடியில் ஆயில் தெரியவில்லை என்று அரை லிட்டர் ஊற்றினேன். வண்டி இடப்பக்கம் சாய்ந்து நின்றால் அங்கே எப்படித் தெரியும்? கூடுதல் ஆயில், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய் வழியே ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் வந்து கொட்டியது. நான் சீல் போய்விட்டது என்று புதுச் சீல் வாங்கி வந்தேன். அது இன்னும் அலமாரியில் கிடக்கிறது. சமதரையில், வண்டியை நேராக நிறுத்தி, சில நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் கீழே இறங்கியதும் பாருங்கள். அளவுக்கோல் உள்ள வண்டியில் அதைத் திருகிப் பார்ப்பதா, சும்மா வைத்துப் பார்ப்பதா என்பது கையேட்டில் இருக்கும்.

இரண்டாவது, இன்ஜினின் அந்தக் காற்றுக் குழாய். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலிலும் ஆயில் பிதுங்கும். அடைப்பை எடுக்காமல் சீல் மாற்றினால் புதுச் சீலும் ஒழுகும்.

வெளியில் தடவிய பேஸ்ட் பதினைந்து நாள் தாங்கியதே அதிகம். மூடியைக் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, இரு முகங்களையும் துடைத்த பிறகுதான் பேஸ்ட்டுக்கு வேலை. அங்கும் அள்ளி அப்பக் கூடாது. உள்ளே பிதுங்கிய துண்டு உதிர்ந்து ஆயில் வழியை அடைத்தால், அப்புறம் 9,000 ரூபாய் போதாது.

அடுத்த முறை பழைய வண்டி பார்க்கும்போது, பளபளவென்று கழுவித் துடைத்த இன்ஜினைக் கண்டு மயங்காதீர்கள். குஞ்சப்பனை வரை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுங்கள்.

கேள்வி: ஒழுகலை நிறுத்தும் திரவம் என்று ஒரு சின்னப் புட்டி விற்கிறார்கள். ஆயிலோடு கலந்தால் போதுமாம். வாங்கலாமா? இல்லை, கெட்டியான ஆயிலுக்கு மாறலாமா?
- வாசகி, கூடலூர்

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தத் திரவம் இறுகிப்போன ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கும். கிழிந்த ஆயில் சீலையோ உடைந்த பேக்கிங்கையோ ஒட்டவைக்காது. பைக்கில் கிளட்ச்சும் அதே ஆயிலில்தான் முழுகிக் கிடக்கிறது என்பதால், கண்டதைக் கலந்தால் கிளட்ச் வழுக்கலாம். வழுக்கினால், ஏற்றத்தில் இன்ஜின் அலறும், வண்டி நகராது. கையேட்டில் ஆயில் ரகம் 10டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். கெட்டி ஆயில் நம் குளிர் காலைகளில் மேலே ஏறவே நேரம் பிடிக்கும்.

கேள்வி: முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஆயில் ஒழுகியதால் 1,400 ரூபாய் கொடுத்துச் சீல் மாற்றினேன். ஒரே மாதத்தில் மறுபடி ஒழுகுகிறது; பிரேக் டிஸ்க்கிலும் பிசுக்கு. பட்டறைக்காரர் மறுபடி முழுப் பணம் கேட்கிறார். பில் தரவில்லை, யுபிஐயில் செலுத்தினேன். தினமும் குன்னூருக்கு வேலைக்குப் போகிறேன்.
- வாசகர், உதகமண்டலம்

பதில்: பணம் வாங்கிக்கொண்டு செய்த பழுதுபார்ப்பு 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. அதில் குறை இருந்தால் கேட்கலாம். பில் இல்லையே என்று தயங்க வேண்டாம். யுபிஐ பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் உதவும். நடந்ததைத் தேதியோடு எழுதிப் பட்டறைக்குக் கொடுத்து, ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மேலே உங்கள் ஊரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் 1,400 ரூபாய்க்கு அலைவதற்கு முன், அவரோடு நிதானமாக உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ஏனென்றால் தவறு அவருடையதாக மட்டும் இல்லாமலும் இருக்கலாம்.

ஃபோர்க் குழாயின் மேல் நகத்தை மெல்ல ஓட்டுங்கள். ஊட்டியின் ஈரத்தில் அங்கே துருப் புள்ளிகள் விழும். நகம் தட்டினால், அந்தப் புள்ளிகள்தான் புதுச் சீலின் உதட்டைக் கிழித்திருக்கின்றன. குழாயைச் சரிசெய்யாமல் எத்தனை சீல் போட்டாலும் இதே கதைதான். இதைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றியிருந்தால், மறுபடி கூலி கேட்க அவருக்கு நியாயம் இல்லை. கழற்றிய பழைய சீலைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்; இந்த முறை பில்லும்.

அவசரம் பிரேக்கில் இருக்கிறது. எண்ணெய் குடித்த பிரேக் பேடைத் துடைத்துப் போட்டுத் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டிஸ்க்கைச் சுத்தம் செய்து, பேடைப் புதிதாக மாற்ற வேண்டும். அதுவரை குன்னூருக்கு பஸ்ஸில் போய் வாருங்கள்.