ஒரு சிறு கவிதையின் எதுகை, யாப்பு, சொல் திரும்பி வருதல் மூன்றையும் எப்படி அலசுவது?

முதலில் வாய்விட்டு இரண்டு மூன்று தரம் வாசியுங்கள். சீரை ஓசைத் துண்டுகளாக, அதாவது அசைகளாகப் பிரிப்பது பிறகு. கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இதைப் படிப்பிக்கும்போது நான் எடுப்பது திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் 12ஆம் குறள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை.

இங்கே துப்பு என்றால் உணவு, துப்பார் என்றால் உண்போர். உண்போருக்கு நல்ல உணவை விளைவித்துத் தந்து, குடிநீராய்த் தானும் உணவாவது மழை என்பது பொருள்.

முதலடியின் நான்கு சீரிலும் மோனையும் (முதல் எழுத்து ஒன்றுதல்) எதுகையும் (இரண்டாம் எழுத்து ஒன்றுதல்) உண்டு. ஓர் உயிரோசை கொண்ட அசை நேர், இரண்டு கொண்டது நிரை. முதல் ஐந்து சீரும் துப்/பார்க்/குத் என்பதுபோல நேர் நேர் நேர், இந்த வாய்பாட்டின் பெயர் தேமாங்காய். பிறகு தேமா (நேர் நேர்), கடைசியில் மலர் (நிரை மட்டும்). சீரும் சீரும் இணையும் தளை எங்கும் தட்டவில்லை.

இவ்வளவும் எழுதினால் புள்ளி கிடைக்கும். ஆனால் கவிதை இனித்தான் இருக்கிறது. ‘துப்பார்க்குத் துப்பாய’ இரண்டு தரம் வருகிறது அல்லவா? முதல் தரம் வயல் விளைவைச் சொல்கிறது. இரண்டாம் தரம் அதே சொற்கள் அடி முறிந்து கீழே இறங்கி, தண்ணீரைச் சொல்கின்றன. குளத்தில் நீர் நின்றால்தான் வயலும் விளையும், அயற்கிணறும் ஊறும் என்று வாழும் வன்னியில் இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கு விளக்கத் தேவையே இல்லை.

ஐந்து தரம் வரும் ‘ப்ப’ மழை கொட்டும் ஓசை என்று பலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘தூ’ வரைக்கும் வல்லினம் இடிக்கிறது. ‘உம் மழை’ என்று வரும்போது ஒரு வல்லினமும் இல்லை. மகரமே அங்குதான் முதன்முதலாக வருகிறது. புரட்டாதியில் புழுதி விதைப்பு முடித்து வானத்தைப் பார்த்திருக்கும் காய்ந்த நிலம் ஐப்பசி மழையில் இளகுவதுபோலத்தான் எனக்கு அது கேட்கிறது.

‘தூஉம்’ என்று ஓசை நீளும் அளபெடையை மட்டும் மேலோட்டமாக விடாதீர்கள். ‘ஆயதூஉம்’ ஒரே சொல். சீருக்காக இரண்டாகப் பிரிகிறது. அதை ‘ஆயதும்’ என்று குறுக்கினால் ‘தும்’ என்ற ஓரசை நடுவில் நிற்கும், குறளின் யாப்பான வெண்பா கெடும். அதே அதிகாரத்தின் 15ஆம் குறளில் ‘கெடுப்பதூஉம்’ என்பதை ‘கெடுப்பதும்’ ஆக்கிப் பாருங்கள். கருவிளங்காய் (நிரை நிரை நேர்) கருவிளம் (நிரை நிரை) ஆகும், தளை கெடாது. அங்கே அளபெடை இனிய ஓசைக்காக மட்டுமே வந்தது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதிப் பழகுங்கள்.