வீடியோவைப் பாதியில் விட்டுப் போகாமல் இருக்க: எடிட்டிங் கேள்வி பதில்

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணாச்சி, சொதிக் குழம்பு வீடியோ 11 நிமிஷம் போட்டிருக்கேன். முதல் அரை நிமிஷத்துலயே பாதிப் பேரு போயிருதாங்க. எங்க தப்பு?

யூடியூப் ஸ்டுடியோவில் அந்த வீடியோவின் அனலிடிக்ஸைத் திறந்தால், எந்த வினாடியில் எத்தனை பேர் மிச்சம் என்று ஒரு கோடு காட்டும். 30 வினாடி தாண்டியவர்கள் எத்தனை சதவீதம் என்பதையும் தனியாகச் சொல்லும். எல்லார் வீடியோவிலும் ஆரம்பத்தில் கோடு இறங்கத்தான் செய்யும். எப்படி இறங்குகிறது என்பதைப் பாரும்மா. முதல் பத்து வினாடிக்குள் செங்குத்தாக விழுந்தால், தம்ப்நெயிலை (வீடியோவின் முகப்புப் படத்தை)ப் பார்த்து வந்தவருக்கு அந்தப் பொருள் கண்ணில் படவில்லை, அல்லது லோகோவும் வணக்கமும் குறுக்கே நிற்கிறது. மெல்லச் சரிந்துகொண்டே போனால் பேச்சு நீளம்.

சொதி வைக்கத் தெரியாமல் யாரும் வரவில்லை, தேங்காய்ப் பால் திரிந்துபோகிறதே என்றுதான் வருகிறார்கள். அதனால் முதல் ஷாட்டில் சோற்றில் சொதி விழட்டும், பக்கத்தில் இஞ்சிப் பச்சடி இருக்கட்டும். "பால் திரியாம இறக்குறது எப்படின்னு பாப்போம்" என்று ஒரே வரி. எட்டு வினாடியில் அடுப்புக்குப் போய்விட வேண்டும். சாமான்களைத் தட்டில் பரப்பி வாசிக்க வேண்டாம், ஒவ்வொன்றும் சட்டியில் விழும்போது பெயரும் அளவும் எழுத்தில் வந்தால் போதும். காய் நறுக்குவதை ஆறு வினாடியில் முடித்துவிடலாம். ஆனால் தீயைக் குறைத்து முதல் பால் ஊற்றி, ஓரத்தில் நுரை கட்டியதும் இறக்குகிற இடத்தை வெட்டவே வெட்டாதீர்கள். அது முப்பது வினாடி ஓடினாலும் ஒருத்தரும் போகமாட்டார்கள்.

பத்தமடை தம்பி: பாய் நெய்யுறத எடுக்கேன். வேகமா இருக்கணும்னு மூச்சு விடுற இடத்தையெல்லாம் வெட்டிட்டேன். இப்ப முன்னைவிட மோசமாயிட்டு அண்ணாச்சி.

கைத்தொழில் வீடியோவில் ஒரு அசைவாவது முழுசாகத் தெரிய வேண்டும் தம்பி. கோரையைக் கொடுத்து, அச்சை இழுத்து அடிக்கிறது வரை ஒரு தடவை வெட்டாமல் காட்டு. அடுத்த தடவையிலிருந்து சுருக்கு. வெட்டும்போது அசைவின் நடுவில் வெட்டு: தூர ஷாட்டில் கை கிளம்பட்டும், கிட்ட ஷாட்டில் போய்ச் சேரட்டும். வெட்டு கண்ணுக்கே தெரியாது. அடுத்த காட்சியின் சத்தத்தை 10, 12 ஃபிரேம் (வீடியோவின் தனித்தனிப் படம்) முன்னாலேயே கொண்டுவந்தால் (ஜே கட் என்பது இதுதான்) பார்க்கிறவர் தானாக அடுத்த காட்சிக்குள் போய்விடுவார்.

கேமராவைப் பார்த்துப் பேசுகிற இடத்தில் ஜம்ப் கட் (ஒரே ஷாட்டின் நடுவில் கொஞ்சம் வெட்டி ஒட்டுவது) போட்டால், வெட்டுக்கு அடுத்த பகுதியை 110 அல்லது 115 சதவீத அளவுக்குப் பெரிதாக்கு. 4கே-யில் எடுத்து 1080-இல் வெளியிட்டால் தெளிவு குறையாது. அனலிடிக்ஸ் கோடு நடுவில் மேலே ஏறினால், அந்த இடத்தை மக்கள் திருப்பிப் பார்க்கிறார்கள். பிடித்துப் பார்க்கிறார்களா, புரியாமல் பார்க்கிறார்களா என்று நீதான் அந்த வினாடியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

தென்காசியிலிருந்து: குற்றாலத்துல பேசுறது ஒண்ணுமே கேக்க மாட்டேங்குது. நாய்ஸ் ரிடக்ஷன் (இரைச்சலக் குறைக்கிற வசதி) போட்டா குரல் தகர டப்பா மாதிரி ஆயிருது.

அருவிச் சத்தம் எல்லா அலைவரிசையிலும் பரவிக் கிடக்கிறது. அதை எடுத்தால் குரலும் சேர்ந்து போகும். அங்கே படம் மட்டும் எடுங்கள். வீட்டில் மெத்தை, திரை இருக்கிற அறையில் குரல் பதிந்து, அருவிச் சத்தத்தைக் குரலைவிட 18, 20 டெசிபல் கீழே ஓடவிடுங்கள். அங்கேயே பேசியாக வேண்டுமென்றால் ரோம உறை போட்ட காலர் மைக், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில். வள்ளியூர்ப் பக்கத்துக் காற்று வேறு விஷயம். அது பெரும்பாலும் அடிக்குரல் உறுமல், 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினால் நன்றாகவே குறையும்.

மொத்தச் சத்தம் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கிற சத்தத்தின் அளவு) பக்கம் இருக்கட்டும். கூடினால் யூடியூப் குறைத்துவிடும், குறைந்தால் கூட்டித் தராது.

நாங்குநேரியிலிருந்து: போன்ல எடுத்ததுல போகப் போக வாயசைவும் சத்தமும் ஒட்டல.

போன் ஃபிரேம் ரேட்டை (வினாடிக்கு எத்தனை படம் என்பதை) ஏற்றி இறக்கிப் பதிகிறது. ஹேண்ட்பிரேக் என்கிற வீடியோ மாற்றும் மென்பொருளில் கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம் ரேட் தேர்ந்து மாற்றிவிட்டு எடிட்டிங்கில் ஏற்றுங்கள்.

அம்பையிலிருந்து: பிரீமியர் எடிட்டிங் மென்பொருள்ல தமிழ் எழுத்து கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் நிக்குது.

பிரிஃபரன்ஸ், கிராபிக்ஸ் போய் சவுத் ஏஷியன் டெக்ஸ்ட் எஞ்சினைத் தேர்ந்து, யூனிகோட் எழுத்துருவில் புதிதாக அடியுங்கள். எழுத்து தப்பாக நின்றால் படிக்கிற கண் அங்கேயே சிக்கிக்கொள்ளும்.

மறுபடி பாளையங்கோட்டை: ஏற்கெனவே ஏத்தின வீடியோவ வெட்ட முடியுமா?

முடியும். ஸ்டுடியோவிலேயே எடிட்டர் இருக்கிறது. வணக்கத்தையும் நடுவில் தொய்கிற இடத்தையும் எடுத்துவிடலாம், லிங்க், வியூஸ், கமெண்ட் அப்படியே இருக்கும். புது ஷாட் சேர்க்க முடியாது. சேமித்தது வெளியே தெரியச் சில மணி நேரம்கூட ஆகலாம். கடைசிப் பக்கமும் பாரும்மா: "அவ்வளவுதாங்க" என்று சொன்ன வினாடியில் கோடு விழுந்திருக்கும். அதற்கப்புறம் உள்ளதை வெட்டிவிட்டு, எண்ட் ஸ்கிரீனை (கடைசியில் அடுத்த வீடியோவைக் காட்டுகிற பகுதி, 5 முதல் 20 வினாடி) சொதி பரிமாறுகிற ஷாட்டின் மேலேயே வைத்துவிடுங்கள்.