படுத்ததும் தூக்கம், மூன்று மணிக்கு முழிப்பு

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 48 வயது. ஈரோட்டில் நூல் வியாபாரம். ஏழெட்டு வருடமாக இரவில் ஒரு குவார்ட்டர் பிராந்தி குடிக்கும் பழக்கம் உண்டு. அதற்கு மேல் போனதில்லை, அதனால் வீட்டில் சண்டை சச்சரவும் கிடையாது. எட்டு மணிக்கு உட்கார்ந்தால் ஒன்பதரைக்கு முடித்துவிடுவேன். சைடிஷ்ஷிலேயே வயிறு நிறைந்துவிடும், பல நாள் சாப்பாடு இருக்காது. படுத்த ஐந்தாவது நிமிடம் தூங்கிவிடுகிறேன். ஆனால் ஒரு வருடமாக மூன்று, மூன்றரைக்கு டக்கென்று முழிப்பு வந்துவிடுகிறது. உடம்பெல்லாம் வியர்வை, நெஞ்சு படபடப்பு, நாக்கு வறட்சி. அப்புறம் விடியும்வரை புரண்டுகொண்டே கிடக்கிறேன். வரவேண்டிய பாக்கி, கொடுக்கவேண்டிய பாக்கி எல்லாம் அப்போதுதான் மனதில் ஓடுகிறது. குறட்டை பலமாக இருப்பதாகவும் நடுவில் மூச்சு நின்று நின்று வருவதாகவும் மனைவி சொல்கிறார். சர்க்கரைக்கு கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். ரொம்ப முடியாத நாட்களில் விடிகாலையில் சின்னதாக ஒரு பெக் போட்டால் கை நடுக்கம் நின்று இரண்டு மணி நேரம் தூக்கம் வருகிறது. வயதானால் தூக்கம் குறையும் என்கிறார்கள் நண்பர்கள். விடியும்வரை தூங்குவதற்கு நல்ல மாத்திரை சொல்ல முடியுமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு)

பதில்: மாத்திரை சொல்லப் போவதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டாம். மதுவும் தூக்க மாத்திரையும் மூளையில் ஏறத்தாழ ஒரே இடத்தில் வேலை செய்பவை. இரண்டும் சேரும்போது மூச்சு விடும் வேகம் குறையும். தூக்கத்தில் ஏற்கெனவே மூச்சு நின்று நின்று வருகிற ஒருவருக்கு அந்தச் சேர்க்கை உயிருக்கே ஆபத்து. மெடிக்கல் ஷாப்பில் தெரிந்தவர் இருக்கிறார், சீட்டு இல்லாமலே அல்பிரசோலம் கொடுப்பார் என்றால் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

வயதின் மேல் பழி போட்ட நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. வயது ஏற ஏறத் தூக்கம் மெலிவது உண்மைதான். ஆனால் வயது யாரையும் வியர்க்க விறுவிறுக்க எழுப்பாது, கையை நடுங்க வைக்காது. உங்களை எழுப்புவது எட்டு மணிக்கு நீங்கள் திறக்கிற அந்த பாட்டில்தான்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. நம் கடைகளில் விற்கும் பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சடித்திருப்பார்கள். அப்படியானால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 77 மில்லி, எடையில் சுமார் 60 கிராம். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் செரிக்கும். தண்ணீர் நிறையக் குடித்தாலும் மோர் குடித்தாலும் எலுமிச்சை பிழிந்தாலும் அந்த வேகம் கூடாது. எட்டு மணிக்குத் தொடங்கினால் 60 கிராமும் தீர ஆறு மணி நேரத்திலிருந்து எட்டரை மணி நேரம் வரை ஆகும். நடுவாக வைத்துக்கொண்டால் மூன்று, மூன்றரை. நீங்கள் எழுதியிருக்கும் நேரமும் அதுதானே? ஆளுக்கு ஆள் இது மாறும், பழகிய கல்லீரல் கொஞ்சம் வேகமாகவே வேலை செய்யும். ரத்தத்தில் மது முழுசாகத் தீரவேண்டும் என்றுகூட இல்லை, அளவு இறங்கத் தொடங்கினாலே தூக்கம் கலைய ஆரம்பித்துவிடும்.

அது இறங்கும்போது முழிப்பு ஏன் வருகிறது? மூளையை அடக்கி அமைதிப்படுத்த காபா என்று ஒரு வேதிப்பொருள், கிளப்பிவிட குளுட்டமேட் என்று இன்னொன்று. மது முதலாவதற்குத் துணைபோகிறது, இரண்டாவதை அமுக்குகிறது. அதனால்தான் படுத்ததும் தூக்கம். ஆனால் மூளை சும்மா இருப்பதில்லை. அடக்கப்படுகிறோம் என்று தெரிந்ததும் தன் பங்குக்குக் கிளப்பிவிடும் பக்கத்தைக் கூட்டிக்கொண்டே வரும். உங்கள் ஊர் ஜவுளிச் சந்தைக் கூச்சலில் கத்திக் கத்திப் பேசியவர், கூட்டம் கலைந்த பிறகும் அதே குரலில் பேசிக்கொண்டிருப்பாரே, அந்த மாதிரி மது வடிந்த பிறகும் மூளை உச்சக் குரலிலேயே இருக்கிறது. படபடப்பு, வியர்வை, இல்லாத பயமெல்லாம் வருவது அதனால்தான். பாக்கிக் கணக்கு பகலிலும் அதே கணக்குதான். மூன்று மணிக்கு அது பூதாகரமாகத் தெரிவதற்குக் காரணம் பாக்கி அல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. இயல்பான இரவில் ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முன்பாதியிலும், கனவுத் தூக்கம் அதிகமாகப் பின்பாதியிலும் வரும். மது முன்பாதியில் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டி, கனவுத் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போட்டது பின்பாதியில் மொத்தமாக வந்து சேர்கிறது. அதனால் கன்னாபின்னா கனவுகள், லேசான தூக்கம், சின்னச் சத்தத்துக்கும் முழிப்பு. தூங்க வைக்கும் சக்தியும் ஒரு சில இரவுகளிலேயே குறையத் தொடங்கிவிடும். பின்பாதியைக் கெடுக்கும் சக்திதான் குறையாமல் நிற்கும்.

இதைப் படித்துவிட்டு, நான் பீர்தானே குடிக்கிறேன் என்று நிம்மதி அடையும் வாசகர்கள் இருப்பார்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் ஒன்றில் 8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கலாம், அதாவது ஏறத்தாழ 40 கிராம். பிராந்தி கட்டிங் (அரை குவார்ட்டர்) ஒன்றில் இருப்பது 30 கிராம். யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முழிப்புக்குத் துணைக்காரணங்கள் சில உண்டு. சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனை மது குறைத்துவிடுவதால் நீர் பிரிந்து நாக்கு வறள்கிறது. எண்ணெயில் பொரித்த சைடிஷ்ஷோடு படுத்தால் நெஞ்செரிச்சலும் எழுப்பும். தொண்டைத் தசைகள் தளர்வதால் குறட்டை கூடி மூச்சுப் பாதை அடைபடுகிறது. இந்த மூன்றைவிட என்னை அதிகம் கவலைப்பட வைப்பது உங்கள் சர்க்கரை மாத்திரை.

கிளிமிபிரைடு, உடம்பில் இன்சுலினைச் சுரக்க வைத்து சர்க்கரையை இறக்குகிற மருந்து. சாப்பிடாமல் தூங்கினால் இரவு முழுக்க ரத்தத்துக்குச் சர்க்கரை கொடுத்துக் காப்பாற்றுவது கல்லீரல். அது மதுவைச் செரிப்பதில் மும்முரமாக இருக்கும்போது புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும் வேலை படுத்துவிடும். மாத்திரை ஒரு பக்கம் இறக்க, ஏற்றிக் கொடுக்க ஆளில்லை. சர்க்கரை தாழ்ந்தாலும் இதே வியர்வை, இதே படபடப்பு, இதே நடுக்கம்தான். மது இறங்குவதால் வருகிறதா, சர்க்கரை இறங்குவதால் வருகிறதா என்று உங்களாலும் சொல்ல முடியாது, பக்கத்தில் படுத்திருப்பவராலும் சொல்ல முடியாது. போதையில் கிடக்கிறார் என்று வீட்டார் விட்டுவிடும் அபாயமும் இருக்கிறது. ஒரு குளுக்கோமீட்டர் வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். முழிப்பு வந்ததும் விரல் குத்திப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். குத்திப் பார்க்க வழியில்லாத இரவில், சந்தேகம் வந்தாலே சர்க்கரைத் தண்ணீர் குடிப்பது நல்லது. இரவுச் சாப்பாட்டை இனி ஒரு நாளும் விடாதீர்கள். மெட்ஃபார்மினுக்கும் இந்த அளவு மதுவோடு ஒத்துப்போகாது. நீங்கள் குடிப்பதை உங்கள் சர்க்கரை டாக்டரிடம் சொல்லியிருக்கிறீர்களா? பெரும்பாலோர் சொல்வதில்லை.

இப்போது, போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி. விடிகாலையில் ஒரு பெக் போட்டால் நடுக்கம் நிற்கிறது என்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான். குடித்தால் நிற்கிற நடுக்கம், குடி இல்லாததால் வந்த நடுக்கம். குவார்ட்டருக்கு மேல் போனதில்லை, வீட்டில் சண்டை இல்லை என்பதெல்லாம் சரி, ஆனால் உடம்பு மதுவைச் சார்ந்து நிற்கத் தொடங்கிவிட்டது. இதில் உங்கள் குணத்தைப் பற்றி எந்தத் தீர்ப்பும் இல்லை.

அதனால்தான் 'இன்றைக்கே நிறுத்திவிடுங்கள்' என்று நான் எழுதவில்லை. உடம்பு இந்த நிலைக்கு வந்த பிறகு தானாக, திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும், காய்ச்சல் அடிக்கும். சபரிமலைக்கு மாலை போட்டதும் ஒரே நாளில் நிறுத்திவிட்டு, மறுநாளோ அதற்கடுத்த நாளோ அவசரப் பிரிவுக்கு வருகிறவர்கள் உண்டு. பக்தியில் குறை இல்லை, முறையில்தான் குறை.

முறை இதுதான். இந்த வாரமே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் அதற்கான பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ, போதை மறுவாழ்வுக்கான 14446 என்ற எண்ணிலோ பேசுங்கள். இரண்டும் கட்டணமில்லாதவை. மருத்துவர் உங்கள் ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்து, வெளியிலேயே செய்யலாமா, சில நாள் உள்ளே படுக்கவேண்டுமா என்று முடிவு செய்வார். வைட்டமின் பி1 கட்டாயம் கொடுப்பார். நடுக்கத்துக்கும் வலிப்பைத் தடுக்கவும் கொடுக்கிற மாத்திரை, நான் மேலே வேண்டாம் என்ற அதே குடும்பத்து மாத்திரைதான். வேடிக்கையாக இருக்கும். ஆனால் அது மது இல்லாத உடம்புக்கு, அளந்து, சில நாட்களில் குறைத்து நிறுத்துவதற்காகக் கொடுப்பது. அந்த நாட்களில் ஒரு பெக்கும் கூடாது. மருத்துவரைப் பார்க்கும்வரை குடிக்கும் அளவைக் கூட்டவேண்டாம், ஒரேயடியாக நிறுத்தவும் வேண்டாம். வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடியுங்கள், சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

நிறுத்திய முதல் ஒன்றிரண்டு வாரம் தூக்கம் இப்போதைவிட மோசமாகத்தான் இருக்கும். சீக்கிரம் தூக்கம் வராது, வந்தால் படம் ஓடுவதுபோல் கனவு. பலர் மறுபடி பாட்டிலை எடுப்பது இந்த இடத்தில்தான், குடித்தபோதாவது தூங்கினேனே என்று. பொறுத்துக்கொண்டால் வாரங்களில் சரியாகும், சிலருக்கு மாதங்கள் பிடிக்கும். அதுவரை காலையில் எழும் நேரத்தை மட்டும் மாற்றாதீர்கள், இரவு எவ்வளவு கெட்டிருந்தாலும் சரி. பகல் தூக்கம் அரை மணி போதும். மாலை நாலு மணிக்குப் பிறகு டீ வேண்டாம். முழிப்பு வந்தால் கடிகாரம், போன் இரண்டையும் பார்க்காமல், கொஞ்ச நேரத்தில் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து வெளியறையில் உட்காருங்கள். கண் சொருகினால் திரும்பப் போய்ப் படுத்தால் போதும். பாக்கிக் கணக்கை மாலை ஏழு மணிக்கே நோட்டில் எழுதி மூடிவிடலாம்.

குடி நின்று ஒன்றிரண்டு மாதமான பிறகும் விடியற்காலை முழிப்பு தொடர்ந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது, அதே மருத்துவரிடம் சொல்லுங்கள். மூச்சு நிற்பது மட்டும் தனியாகத் தொடர்ந்தால் தூக்கப் பரிசோதனை ஒன்று தேவைப்படும். மருத்துவரிடம் போகும்போது மனைவியையும் கூட்டிப் போங்கள். நீங்கள் தூங்கும்போது நடப்பது அவருக்குத்தான் தெரியும். மூச்சு நின்று வருவதை இரண்டு மூன்று நிமிடம் போனில் வீடியோ எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.